நாலு ஒழுங்கை, நாலு வோட்டு

நோபேட் அந்தத் துண்டுக் கடதாசியை நாலாக மடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். இதில் எழுதியிருப்பதை யாராவது பார்த்தால் போச்சு, மானம் கப்பலேறிவிடும். மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே கொச்சிக்கடைச் சந்தியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி, அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நோபேட், இப்பிடி வேர்க்குது?" என்றார் பக்கத்துக் கதிரையில் இருந்த ஹியூபேட்.

"ஃபேன் வேலை செய்யேல்லைப் போல."

ஃபேன் அவன் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எழுதியாச்சா?" டோரின் மிஸ் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டியபடி வந்தார். "இதுக்குள்ள போடுங்கோ. ரூல் ஞாபகம் இருக்குத்தானே? அவரவர் ஒழுங்கைக்கு அவரவர் போடக் கூடாது."

டோரினுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வேலை. புகையாலும் கழிவாலும் சீரழிகிற ஏழைச் சனத்துக்கென்று ஒரு தொகை வந்திருந்தது. ஒரே ஒரு ஒழுங்கைக்கு, ஒரே ஒரு சந்துக்குத்தான் கொடுக்கலாம். ஏசி அறையில் இருக்கிற நாங்கள் யார் அதைத் தீர்மானிக்க, கஷ்டப்படுகிற சனமே தீர்மானிக்கட்டும் என்று, நாலு ஒழுங்கையிலிருந்தும் ஒவ்வொருவரைக் கூப்பிட்டு இந்த மண்டபத்தில் இருத்திவிட்டார். நல்ல எண்ணம்தான். வந்து இருந்தவர்களுக்கும் அதே எண்ணமா என்று அவர் கேட்கவில்லை.

நோபேட்டுக்கு மகள் பிறிஜெற்தான் கண்ணுக்குள் நின்றாள். வீட்டுக்கு எதிரே சீமெந்து ஸ்டோர். லொறி வந்து மூட்டை இறக்கினால் ஒழுங்கையே வெள்ளையாகிவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை இளைத்து இளைத்து, மூச்செடுக்க முடியாமல் முழிப்பாள். அதைத்தான் சற்றுமுன் எல்லாருக்கும் எழும்பிச் சொல்லியிருந்தான். இந்தக் காசு கிடைத்தால் லோயர் வைத்து, வழக்குப் போட்டு, ஸ்டோரைக் கிளப்பிவிடலாம்.

"வெறுங்கையோட மட்டும் வந்திராதேங்கோ" என்று காலையில் மனைவி மரியகொறற்றி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆனால் போட்டி லேசானதா? வெள்ளவத்தைக் கால்வாயோரத்து யோகநாதன் ஒரு ஆல்பம் நிறையப் படம் கொண்டுவந்திருந்தார். ஹியூபேட் தன் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு டொக்டர் கொடுத்த கடிதம் எட்டை மேசையில் பரப்பினார். இவர்களில் யாருக்குப் போட்டாலும் அவர் முந்திவிடுவார்.

மிஞ்சியது ஸைனம்பு உம்மா. அவரிடம் படமும் இல்லை, கடிதமும் இல்லை. "எங்கட ஒழுங்கையில ஏழு ஊடு. மழ பேஞ்சா சாக்கடக் கான் ரொம்பி, கராஜ் எண்ணெத் தண்ணி ஊட்டுக்குள்ள வருது. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். மற்றவர்கள் பேசும்போது மட்டும் கன்னத்தில் கை வைத்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழு வீட்டுக்கு எவன் போடப் போகிறான்? அங்கே போடுகிற வோட்டு கடலில் கரைத்த பெருங்காயம். ஒருத்தரையும் வெல்ல வைக்காது. துறைமுகத்தில் பதினெட்டு வருசம் கிளாக்கராக இருந்தவனுக்கு இந்தக் கணக்குக்கூடத் தெரியாதா? நோபேட் எழுதியிருந்தது ஸைனம்பு உம்மாவின் ஒழுங்கையை. ஹியூபேட் எப்படியும் தனக்குத்தான் போடுவார், ஒரே கோயில் ஆட்கள் அல்லவா.

டோரின் முதல் துண்டை விரித்தார். "நோபேட்டின்ட ஒழுங்கை."

நோபேட் துள்ளி எழும்பாத குறை. ஹியூபேட்டின் முழங்கையை நன்றியோடு அமுக்கினான். அவர் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஸைனம்பு உம்மான்ட ஒழுங்கை."

அது நாம் போட்டது, போகட்டும்.

"திரும்பவும் ஸைனம்பு உம்மா."

நோபேட் திடுக்கிட்டான். யோகநாதன் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் துண்டை விரித்த டோரினுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூண்டு வோட்டு! ஸைனம்பு உம்மா, காசு உங்களுக்குத்தான்! பாத்தீங்களா, கஷ்டப்படுற சனத்துக்குத்தான் கஷ்டம் தெரியும்."

மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அட ஆண்டவரே, மூன்று பேருமா ஒரே கணக்குப் போட்டோம்! நோபேட் கெட்டிக்காரத்தனம் பண்ணப்போய்ப் பிள்ளையின் மூச்சைத் தானே தோற்கடித்துவிட்டானே. மரியகொறற்றியிடம் எந்த முகத்தோடு போவது?

ஸைனம்பு உம்மா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தார்.

"ஒங்க மூணு பேருக்கும் பெரிய மனசு தம்பி. எனக்குத்தான் வெக்கமா ஈக்கி."

"உங்களுக்கு என்னத்துக்கு வெக்கம், உம்மா?"

"எனக்கிட்ட ஒரு வோட்டுத்தானே இருந்த. அத ஒங்கட புள்ளக்கித்தான் போட்டேன் தம்பி."