பார்த்தாகிவிட்ட படம்

கடை மேசையில் இரண்டு பிளேயர்களும், சம்பந்தம் முறிந்த வீட்டார்போல, பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தன.

ஒன்று புளூ-ரே. மற்றது எச்.டி. டிவிடி. இதன் டிஸ்க்கை அது தொடாது; அதன் டிஸ்க்கை இது சீந்தாது.

தியேட்டர்காரர் இரண்டுக்கும் முன்னால் கைகட்டி நின்றார். குடியிருப்பில் அவருக்கு அதுதான் பெயர். ஒரு படுக்கையறைக்குக் கறுப்புத் திரை மாட்டி, மூலைக்கொரு ஸ்பீக்கர் வைத்து, கதவில் ‘ஹோம் தியேட்டர்’ என்று பலகையும் அடித்தவர். உள்ளே வந்து இருமியவர்களுக்கு மறு அழைப்பு கிடையாது.

“ரெண்டையும் ஆராய்ஞ்சாச்சு. எனக்குத் திரையில கறுப்போட ஆழம்தான் முக்கியம்.”

விற்பனையாளர் மரியாதையாகத் தலையாட்டினார். “சரி சார். வீட்ல எந்த டிஸ்க் வெச்சிருக்கீங்க?”

அங்கேதான் இடித்தது.

டிஸ்க் சட்டைப்பையில் இருந்தது. அது எந்த வகை என்றுதான் தெரியாது.

மாப்பிள்ளை எடுத்த படம். இருந்த வேலையை உதறிவிட்டு, மகள் ஒருத்தியின் சம்பளத்தில் வீடு ஓட, பறவைகளைப் பற்றி எடுத்த முதல் படம். “எச்.டி.யில எடுத்தது, மாமா” என்று கொடுத்தனுப்பியிருந்தார். டிஸ்க்கின் மேலே படத்தின் பெயர் மட்டும், அழகான சாய்வெழுத்தில்.

வீட்டிலிருந்த பழைய டிவிடி பிளேயர் அதை விழுங்கியது, சற்று யோசித்தது, துப்பியது.

மறுபடி போட்டார். மறுபடி துப்பியது.

தியேட்டர் வைத்திருப்பவர், மாப்பிள்ளை படத்தை ஓட்ட வக்கில்லை என்று வாயால் சொல்வாரா? பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். பிரித்தே பார்க்காத கோப்புகளில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதியே தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்ற கை அது. வாய் கையைவிடத் தேர்ந்தது. ஒளிப்பதிவு என்றார். படம் நெடுக அந்த மௌனம் என்றார். கடைசிக் காட்சியில் அழுதே விட்டேன் என்றார்.

தொலைபேசியின் அந்தப் பக்கம் மாப்பிள்ளை, “சரி மாமா, வெச்சிடறேன்” என்று அவசரமாக வைத்துவிட்டார்.

“அடக்கமான பிள்ளை” என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த மனைவிதான் இப்போது வினை வைத்துவிட்டாள். இன்று சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். குடியிருப்புச் சங்கத் தலைவர் முதல் மேல்வீட்டுப் பல் டாக்டர் வரை அத்தனை பேரையும் படத்துக்கு அழைத்தாகிவிட்டது. “இப்ப எதுக்கு அத்தை அதெல்லாம்” என்று மாப்பிள்ளை மன்றாடியது எடுபடவில்லை.

கூட்டம் வருவதற்குள் சரியான மெஷினைக் கொண்டுபோய், மேலே கொஞ்சம் தூசியும் தடவி, பல நாள் பழகியதுபோல வைத்துவிட வேண்டும். தப்பான மெஷின் என்றால், ஊர் பார்க்கத் துப்பும். ‘அப்ப எதுல பாத்தீங்க, மாமா?’ என்று ஒரு கேள்வி போதும். மானம் கப்பலேறிவிடும்.

விற்பனையாளர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார். தியேட்டர்காரர் டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

“ஒரு சிநேகிதரோடது. அவருக்கு இதெல்லாம் விவரம் பத்தாது.”

எச்.டி. டிவிடி அதை உடனே துப்பியது.

புளூ-ரே விழுங்கியது. துப்பவில்லை.

அப்பாடா என்று பர்ஸை எடுத்தார். திரை மட்டும் நீலமாகவே இருந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

விற்பனையாளர் டிஸ்க்கை வெளியே எடுத்து, விளக்குக்கு நேராகச் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“புளூ-ரேதான் சார். ஆனா காலி டிஸ்க். எழுதியிருந்தா அடியில வளையமா நிறம் மாறித் தெரியும். இதுல ஒண்ணும் எழுதினதே இல்ல.”

“கீறல் ஏதாவது...”

“புத்தம்புதுசு சார்.”

அவசரத்தில் வேறு டிஸ்க்கை மாற்றி அனுப்பியிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். கைப்பேசி அடித்தபோது அவர் அந்த நினைப்பைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மகள்.

“அப்பா, டிஸ்க் பத்திரமா இருக்குல்ல? வேற காப்பியே இல்லையாம். நான்கூட இன்னும் பாக்கல, முடியட்டும் முடியட்டும்னே சொல்லிட்டார். ஊர் உலகத்துல நீங்க ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க.”

“ம்.”

“நீங்க அழுதேன்னு சொன்னீங்கள்ல, அதை நம்பித்தான்ப்பா அடுத்த படத்துக்கும் சரின்னுட்டேன். வீட்டை நான் பாத்துக்கறேன், நீங்க எடுங்கன்னு சொல்லிட்டேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இவருக்குத்தான் காலையிலேர்ந்து சாப்பாடு இறங்கல. பயமாம். பாவமா இருக்கு.”

அவர் வாயெடுத்தார். சொல்லத் தொடங்கினால், மாப்பிள்ளையிடமிருந்து தொடங்க வழியில்லை. தன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

“ஜாக்கிரதையா வாங்கம்மா” என்று வைத்துவிட்டார்.

அதற்குள் விற்பனையாளர் புதிய புளூ-ரே பெட்டியைக் கவுன்டரில் ஏற்றி, பில் போட ஆரம்பித்திருந்தார்.

“அது வேண்டாம், தம்பி” என்றார் தியேட்டர்காரர். “இந்த டிஸ்க்கைத் துப்பிச்சே, அதைக் குடுங்க.”