பதினெட்டுக் கொலைகாரர்கள்

"அண்ணன்காரன்தான் கொன்னான். சந்தேகமே வேணாம். நீ படி, டீச்சரம்மா."

கோவிந்தசாமி நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார். இருபத்தெட்டு வருஷம் போலீஸில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். செஞ்சிக்கு வந்த மறுவருஷமே கண்புரை முற்றி, இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

எதிரே உட்கார்ந்திருந்த லூர்துமேரி கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். மாதா கோவில் பள்ளிக்கூடத்து ஆசிரியை. சாயங்காலம் பள்ளி விட்டதும் வந்து, கோட்டை மலையின் நிழல் தெருவில் விழும்வரை அவருக்குப் படித்துக் காட்டுவாள். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம். கேட்காமலே அவளாக வந்து ஏற்றுக்கொண்ட வேலை அது.

அரை மணி கழித்து, "கொன்னது வைத்தியருங்க ஐயா" என்று புத்தகத்தை மூடினாள்.

கோவிந்தசாமி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மாதம் ஒரு துப்பறியும் நாவல். சென்னையிலிருந்து தபாலில் வரும். துப்பறியும் சதானந்தம்தான் எல்லாவற்றிலும் நாயகன். கண் இருந்த நாளிலிருந்தே கோவிந்தசாமிக்கு அந்த வரிசை என்றால் உயிர். உலகச் சண்டை வந்து காகிதத்துக்குத் தட்டுப்பாடு ஆனபிறகு புத்தகம் இளைத்துக்கொண்டே போனது. வந்ததும் கையில் வாங்கிக் கனம் பார்த்து, "சதானந்தத்துக்கும் ரேஷன் போட்டுட்டான்" என்பார். பிறகு முகர்ந்து பார்த்துவிட்டு லூர்துமேரியிடம் கொடுப்பார்.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, கொலைகாரன் யாரென்று அவர் சொல்லவேண்டும். அதுதான் அவருக்கு ருசி. அவள் வந்த புதிதில் நாலு புத்தகத்திலும் வரிசையாகச் சரியாகச் சொன்னார். தபால்காரரைக்கூட உட்காரவைத்து அந்தப் பெருமையைச் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவதிலிருந்து எல்லாம் தப்பாகப் போயிற்று. முதலில் அதையும் ரசித்தார். எழுதுகிறவன் தேறிவிட்டான் என்றார். பத்தைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. ராத்திரியில் பழைய கேஸ்களையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கிடக்கிறார் என்று அவர் மனைவி விருத்தாம்பாள் வருத்தப்பட்டாள். சோறும் இறங்கவில்லை. வைத்தியர் வந்து பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று அவள் புத்தகத்தை மூடியதும், நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோல் மெல்லப் பேசினார்.

"பனமலை ஏரிக்கரையில ஒரு கொலை. பதினாலு வருஷமாச்சு. பார்த்த சாட்சி இல்ல. இவன்தான்னு எனக்குப் பட்டுது, புடிச்சேன். கோர்ட்டுல குத்தம் ருசுவாயிடுச்சு, தூக்குல போட்டாங்க. கடைசி வரைக்கும் நான் இல்ல நான் இல்லன்னான்."

லூர்துமேரி மடியிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"கதையிலயே பதினெட்டு தடவ தப்பாச் சொல்லியிருக்கேனே. அதுவும் தப்பாயிருக்குமோ?"

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க ஐயா?"

"தப்புதான்னு தோணுது" என்றார் கோவிந்தசாமி. "நிரபராதியைக் கொன்னுட்டேன்."

அவள் எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பத்தாம் நாள் கோவிந்தசாமி இறந்துபோனார். அந்தப் பத்து நாளும் அவர் வாயில் வந்தது ஒரே சொல்தான்: தப்பு பண்ணிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு, விருத்தாம்பாள் பள்ளிக்கூடம் தேடி வந்தாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். இடுப்பில் இருந்த துணி மூட்டையை மேஜைமேல் வைத்து அவிழ்த்தாள். அத்தனையும் சதானந்தம் புத்தகங்கள்.

வீட்டில் பேச ஆளில்லாமல், எழுத்துக்கூட்டி இதிலெல்லாம் கடைசி அத்தியாயத்தைப் படித்ததாகச் சொன்னாள். அவர் ஊகம் சொன்னபோதெல்லாம் தானும் பக்கத்தில் இருந்து கேட்டவள்தானே என்றாள். மேலே இருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்தாள்.

"அண்ணன்காரன்னு சொன்னாரு. அண்ணன்காரன்னுதான் அச்சுல போட்டிருக்குது. எல்லாத்துலயும் அவர் சொன்ன ஆளுதான் இருக்கான். நீ ஏம்மா மாத்தி மாத்திப் படிச்சே?"

லூர்துமேரி அந்தப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தப்பு பண்ணிட்டேன், தப்பு பண்ணிட்டேன்னு பொலம்பிக்கினே போய்ச் சேந்தாரு. உனக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம்?"

"ஒரு தடவையாச்சும் தப்பாச் சொல்வாரான்னு பாக்கத்தாம்மா வந்தேன்" என்றாள் லூர்துமேரி. "மொத நாலு புஸ்தகம் உள்ளபடிதான் படிச்சேன். நாலும் சரியாச் சொன்னாரு. அதுக்கப்புறமும் அவர் சொன்னது ஒண்ணுகூடத் தப்பாவல. என்னால தாங்க முடியலம்மா. நானே மாத்திட்டேன்."

"கதையில எவன் கொன்னா உனக்கு இன்னாடி?"

லூர்துமேரி அந்தப் பக்கத்தை மூடினாள்.

"ஏரிக்கரை கேசுல அவர் தூக்குக்கு அனுப்புனது என்னைப் பெத்த நைனாவைம்மா."