மரகதம் என்று கொடுத்த கல்

"மரகதம்னு சொல்லிக் குடுத்த கல்லு இது. குழாயில லேசா இடிச்சதுக்கே ஓரம் தகடாப் பேந்துடுச்சு."

நகைக்கடை மேசைமேல் மோதிரத்தை வைத்தாள் அந்த அம்மாள். விற்பனையாளர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"மரகதமும் இடிபட்டா உடையும்மா."

"சோதனைக்கூடத்துல காட்டிட்டேன். இது அமேசோனைட்டாம். பாறைக்குழம்பு மெல்ல ஆறும்போது உருவாகுற ஃபெல்ட்ஸ்பார் கல்லு. ஈயம் கலந்ததால பச்சையாம்."

"பில் இருக்கா?"

"இல்ல."

"அப்ப எங்கேயோ வாங்கினத எங்க தலையில கட்டப் பாக்குறீங்க. முதலாளி காதுல விழுந்தா போலீஸுக்குப் போயிடுவாரு."

"போகட்டும். முதல்ல அவனக் கூப்பிடுங்க."

"மரியாதையாப் பேசுங்கம்மா."

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த முதலாளி, மோதிரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, வீட்ல பேசிக்கலாமே."

"கல்லு அழகாத்தான் இருக்கு. அமேசோனைட்னே சொல்லிக் குடுத்திருந்தாலும் ஆசையாப் போட்டிருப்பேன். பெத்தவகிட்டயே பொய் சொல்றவன், கடைக்கு வர்றவங்ககிட்ட என்னென்ன சொல்லி விக்கிறியோ?"

கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பச்சையில் வரிசையாக மோதிரங்கள் இருந்தன. மேலே 'மரகதம்' என்று ஓர் அட்டை. அவள் அதை உருவி மகன் கையில் கொடுத்தாள்.

"பேர மாத்தி எழுது. எழுதுற வரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."