பட்டியலில் மூன்றாவது

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்த ரவுட்டரை எடுத்து அதன் தலைமேல் ஏற்றி வைத்தார் நெட்காரர். அந்தக் கட்டடத்தில் நாற்பத்தொரு வைஃபை. பாதி ஒரே சேனலில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுப் பெண்ணுடையதைக் கூட்டமில்லாத சேனலுக்கு மாற்றினார். ஆறு மணிக்கு டாக்டர் வீடியோவில் வருவார். இரண்டு முறை கரு கலைந்த பிறகு, மறுபடி தங்கியிருக்கிறதா என்று எடுத்த டெஸ்டின் முடிவைச் சொல்ல. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுடைய வைஃபையில் இணைந்திருந்தவற்றின் பட்டியலைத் தன் போனில் பார்த்தார் நெட்காரர். “மேஜைமேல இருக்கிற உங்க லேப்டாப், உங்க போன், சரி. இன்னொண்ணு யாரோடதும்மா? பேரே இல்ல. காலையிலதான் வந்திருக்கு. யாரோ ஓசியில ஓட்டுறாங்க.”

“எந்த வீடுன்னு தெரியுமாண்ணா?”

“ரவுட்டர் கிட்ட வந்தா சிக்னல் ஏறும், தள்ளிப் போனா இறங்கும். பாப்போம்.”

அவருக்குத் தண்ணீர் எடுக்க அவள் சமையலறைக்குப் போனாள். சிக்னல் இறங்கியது. டம்ளரோடு திரும்பினாள். ஏறியது. அவர் மறுபடியும் அவளைப் போய்வரச் சொன்னார். அதேதான்.

“கையில வாட்ச் ஏதாவது கட்டியிருக்கீங்களா?”

வெறுங்கையை விரித்துக் காட்டினாள். அந்தக் கை மெல்லத் தாழ்ந்து வயிற்றின்மேல் நின்றது.

“சரி, அதை எடுத்துடவா?”

“வேணாம்ண்ணா, இருக்கட்டும்” என்றாள் அவசரமாக. “அதுக்கும் சேத்து ஸ்பீட் பத்துமா?”