வடக்கு மூலைச் சூடு

விடிந்தும் விடியாமலும் ரெஜின் மர மில்லுக்குப் பின்னால் முழங்காலில் கிடந்தான். உள்ளங்கையை மண்ணில் பதித்தவன், “ஏசுவே, இன்னைக்கும் சுடுதே!” என்றான்.

அந்தச் சுவருக்கு உள்ளேதான் பலகை காய வைக்கும் சூட்டறை. அதன் கான்கிரீட் தரைக்கு அடியில் தெர்மாக்கோல் விரித்துக் கொடுத்தவன் ரெஜின். சூடு வெளியே ஓடிவிடக்கூடாது என்றுதானே அத்தனை பாடும்!

மற்ற மூலைகள் மார்கழிப் பனியில் சில்லென்று கிடந்தன. வடக்கு மூலை மட்டும் வெதுவெதுப்பு. கடைசியில் ஷீட் பத்தாமல் துண்டு துண்டாய் ஒட்டுப்போட்டது அந்த மூலையில்தான்.

எழுந்து கையைத் தட்டினான். கேட்டருகே ஒரு செவலை நாயும் உடம்பை உதறிக்கொண்டிருந்தது.

“சூடு வெளிய வந்துன்னா தரைய உடைச்சு நீதான் மாத்தித் தரணும், கேட்டியாலே?” என்று மில் முதலாளி டைட்டஸ் வேலையைக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். நாளைக்கு அவரே வந்து தொட்டுப் பார்க்கப்போகிறார். சவுதியை விட்டு வந்தபின் திற்பரப்பில் கிடைத்த முதல் வேலை. இது கெட்டால் எவன் கூப்பிடுவான்? மறுபடி பெட்டி கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தான்.

“இப்படி நடந்தா சூடு ஆறுமா? புட்டு ஆறுது, தின்னுங்கோ,” என்றாள் மனைவி ஜினிஷா.

“சும்மா கெட ஏட்டி. வயித்துக்குள்ள தீ எரியுது எனக்கு!”

ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. மறுநாள் கோழி கூவுமுன்னே மில்லுக்கு ஓடினான். கேட்டைத் திறக்கப் பொறுமையில்லாமல் மதிலேறிக் குதித்தான்.

வடக்கு மூலையில் சுருண்டு கிடந்த செவலை நாய் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடியது. அது கிடந்த இடத்தைத் தொட்டான். அதே வெதுவெதுப்பு!

“நாசமாப் போற நாயே, நீதானா!” ரெஜினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தான்.

“ஏட்டி, எனக்க வேலையில ஒரு குறையும் இல்ல! நாயி ராத்திரி முழுக்கப் படுத்து மண்ணைச் சூடாக்கியிருக்கு. இனி டைட்டஸு வரட்டும், பாக்கட்டும்!”

தட்டை இழுத்து வைத்துப் புட்டில் பழத்தைப் பிசைந்தான். எத்தனை நாளைக்குப் பிறகு ருசி தெரிகிறது! ஜினிஷாவுக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. சாயா ஆற்றிக்கொண்டே சும்மா கேட்டாள்.

“அவ்வளவு பெரிய மில்லு கெடக்க, இந்தப் பனியில அது என்னத்துக்கு அந்த மூலையத் தேடிப் போய்ப் படுக்குது?”