அரைவால் எலியும் நெய்யுருண்டையும்

ஒரு வீட்டில் அரைவால் எலி ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுவரிலிருந்த பல்லி கத்தியதில் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துக் கதவை அறைந்து சாத்த, வெளியே ஓடிய எலியின் பாதி வால் போயிற்று. அன்றிலிருந்து பல்லியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

ஒருநாள் வீட்டுக்காரர் கஞ்சா இலையை நெய்யில் காய்ச்சி, உருண்டை பிடித்து வைத்துவிட்டு வெளியே போனார். எலி ஒன்றைத் தின்றது. ஒன்றுமே ஆகவில்லை.

"இன்னொண்ணு வேணாம் அண்ணே, அது மெதுவாத்தான் ஏறும். நேத்து கரண்டியை நக்கிட்டு நானே சுவத்துலேருந்து விழுந்தேன்" என்றது பல்லி.

இந்தப் பல்லி சொல்லியா கேட்பது? வீம்புக்கு எலி இரண்டாவதையும் தின்றது. பிறகு ஏறியது பாருங்கள், நாலு காலும் நாலு திசைக்குப் போயின. அந்த நேரம் பார்த்துப் பூனை வந்தது.

பல்லி சட்டென்று தன் வாலை முறித்து ஜன்னலுக்கு வெளியே போட்டது. அது துள்ளுவதைக் கண்டு பூனை வெளியே பாய, எலி தவழ்ந்து பொந்துக்குள் விழுந்தது.

தெளிந்ததும் தலையை நீட்டியது.

"வாலுக்கு வால் சரியாப் போச்சா, அண்ணே?" என்று கேட்டது பல்லி.

"எப்படிச் சரியாகும்? உன் வால் வளரும், என் வால் வளருமா?" என்று முறைத்தது எலி. தலையை உள்ளே இழுத்துக்கொண்டே, "அது வளர்ற வரைக்கும் வேணும்னா பேசுறேன்" என்றது.