உப்புக் கல்

வடிவுக்கு மனிதக் குரல்கள் நாக்கில் ருசிக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மாமியார் பேசினால் வெந்தயக் கசப்பு, பால்காரர் பேசினால் புளிப்பு. புருஷன் தெய்வநாயகத்தின் குரல் பனங்கற்கண்டு.

அன்று காலை வண்டிச் சாவியோடு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்" என்றார். 'போயிட்டு' இனித்தது. 'வர்றேன்' வெறும் தண்ணியாக இருந்தது. அவள் அப்பா கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று சொன்ன 'வர்றேன்' இப்படித்தான் இருந்தது.

"ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என் பேச்சு உன் காதுல விழுதா? போயிட்டு வர்றேன், தாயே!"

இந்தத் தடவை முழுசும் தண்ணி.

"இன்னைக்குப் போகாதீங்க. நீங்க சொல்றது ருசிக்கல."

"நேத்தெல்லாம் இருமினியே, நாக்கு செத்திருக்கும். கஷாயம் வச்சுக் குடி."

நாக்குதான் செத்திருக்கும். அப்படியே இருக்கட்டும், சாமி. அடுப்படிக்கு ஓடி, ஜாடியிலிருந்து ஒரு உப்புக் கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ருசிக்கக் கூடாது, ருசிக்கவே கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வாசலில் வண்டி கிளம்பியது. உப்பு கரித்தது.